வலது கை எழுதினால் இடது கையும் எழுதுகிறது: மகனின் நரம்பு எங்கே வழி தவறியது?

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. வலது கையால் எழுதும்போது இடது கை விரல்களும் அதேபோல அசைகின்றன. கைக்குழந்தையாக இருந்தபோதே ஒரு கையால் கிலுகிலுப்பையைப் பிடித்தால் மறு கையும் மூடிக்கொள்ளும். வளர்ந்தால் சரியாகிவிடும் என்றார்கள், ஆகவில்லை. டியூஷனில் அவன் இடது கையைத் துண்டால் நாற்காலியோடு கட்டிவைத்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். மூளையையும் கழுத்தையும் ஸ்கேன் எடுத்ததில் ஒன்றும் இல்லை. மரபணுப் பரிசோதனையில் ‘டிசிசி’ என்ற மரபணுவில் மாற்றம் என்று வந்திருக்கிறது. "மூளையிலிருந்து வரும் நரம்பு சரியான நரம்போடு சேரவில்லை" என்று டாக்டர் இரண்டு நிமிடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடினால் அந்தப் பெயருக்குக் குடல் புற்றுநோய் என்று வருகிறது, அன்றிலிருந்து தூக்கம் இல்லை. கர்ப்பத்தில் எனக்குக் கடுமையான வாந்தி. கிரகணத்தன்று வெளியே போனேன் என்று மாமியார் இப்போதும் சொல்லிக்காட்டுகிறார். ஒரு நரம்புக்கு எங்கே போக வேண்டும், யாரோடு சேர வேண்டும் என்று எப்படித்தான் தெரியும்? இவனுக்கு மட்டும் ஏன் தெரியாமல் போனது? மற்ற நரம்புகளும் தப்பாகத்தான் சேர்ந்திருக்குமா? மிருதங்கம் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறான், சேர்க்கலாமா?
(கரூர் மாவட்டத்திலிருந்து ஒரு தாய்)

பதில்:

முதலில் அந்தத் துண்டு. நாளைக்கே டியூஷனுக்குப் போய் இனி அவன் கையைக் கட்டக் கூடாது என்று சொல்லிவிடுங்கள், கேட்கவில்லை என்றால் டியூஷனை நிறுத்திவிடுங்கள். உங்கள் மகன் இடது கையை வேண்டுமென்று அசைக்கவில்லை. அது கெட்ட பழக்கமும் இல்லை, கவனக்குறைவும் இல்லை. வலது கைக்கு என்று மூளை அனுப்புகிற கட்டளை இடது கைக்கும் போய்ச் சேருகிறது, நடப்பது அவ்வளவுதான். கட்டினால் கை நிற்கும், கட்டளை நிற்காது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதனால் மிஞ்சுவது அவமானம் மட்டுமே.

அடுத்தது நீங்கள் தூக்கிச் சுமக்கிற பழி. வாந்தியால் இது வருவதில்லை, கிரகணத்தாலும் வருவதில்லை. பரிசோதனையில் வந்த அந்த மரபணு மாற்றம் கரு ஒரே ஒரு செல்லாக இருந்தபோதே, உங்களுக்கு நாள் தள்ளிப்போனதுகூடத் தெரியாத நேரத்திலேயே அங்கே இருந்துவிட்டது. நீங்கள் சாப்பிட்டது, சாப்பிடாதது, வெளியே போனது எதுவும் அதற்குப் பிறகுதான். இதை மாமியாரிடம் நீங்கள் சொன்னால் எடுபடாது என்றால் இந்தப் பதிலையே படித்துக் காட்டுங்கள்.

புற்றுநோய்ப் பயத்தையும் இங்கேயே முடித்துவிடுவோம். 1990இல் குடல் கட்டிகளை ஆராய்ந்தவர்கள், அந்தக் கட்டிச் செல்களில் 18ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு அடிக்கடி காணாமல் போயிருப்பதைப் பார்த்து, அந்தத் துண்டில் இருந்த ஒரு மரபணுவுக்கு ‘குடல் புற்றுநோயில் இழக்கப்பட்டது’ என்று பொருள் வருகிற பெயரை வைத்தார்கள். அதன் சுருக்கம்தான் டிசிசி. அது நரம்புக்கு வழிகாட்டுகிற வேலையைச் செய்கிறது என்பது 1996இல்தான் தெரிந்தது, அதற்குள் பெயர் நிலைத்துவிட்டது. அந்த மரபணுவின் ஒரு பிரதி இல்லாமல் பிறந்த எலிகளை 1997இல் ஆராய்ந்தபோது அவற்றுக்குக் குடல் கட்டி கூடுதலாக வரவில்லை. இந்தப் பெயரை வைத்து உங்கள் மகனுக்குக் குடல் பரிசோதனை எதுவும் செய்ய வேண்டியதில்லை. இன்று இரவு தூங்குங்கள்.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். இதை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட முடியாது, அதனால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன். நரம்பு சரியான நரம்போடு சேரவில்லை என்று டாக்டர் சொன்னதில் பாதிதான் சரி. உங்கள் மகனின் நரம்பு இழைகளில் சில வழியைத் தவறவிட்டன. ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் அவை ஆளைத் தவறவிடவில்லை. இந்த இரண்டும் வேறு வேறு வேலைகள், வேறு வேறு புரதங்கள் செய்பவை. இது புரிந்தால் உங்கள் பயத்தில் பெரும்பகுதி போய்விடும்.

நம் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. மரபணுக்களோ ஏறக்குறைய 20,000தான். ஒவ்வொரு செல்லுக்கும் "நீ இன்னாரோடு சேர்" என்று தனித்தனியாக எழுதிக் கொடுக்க அந்தக் கணக்கு எந்த வகையிலும் போதாது. அதனால் கரு வேறு முறையைக் கையாள்கிறது: முதலில் ஊருக்கு வழி, பிறகு தெரு, பிறகு ஆள் அடையாளம், கடைசியில் பழகிப் பார்த்து யாரை வைத்துக்கொள்வது என்ற முடிவு. ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் குறிப்புகளே போதும்.

முதல் கட்டம் வழி. கருவில் ஒரு நரம்பு செல் பிறந்ததும் தன் உடலிலிருந்து ஒரு நீண்ட இழையை வெளியே அனுப்புகிறது. அந்த இழையின் நுனியில் சின்னஞ்சிறு கைபோல விரல் விரித்த ஒரு பகுதி உண்டு, அதை வளர்முனை என்று வைத்துக்கொள்வோம். 1890இல் ஸ்பெயினைச் சேர்ந்த ராமோன் இ காஹால், கோழிக் கருவின் தண்டுவடத்தை மெல்லிய சீவல்களாக வெட்டி, வெள்ளி உப்பால் கறையேற்றி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து இதைக் கண்டுபிடித்தார். அசைவற்றுப் போன திசுவைப் பார்த்தே, உயிரோடு இருக்கும்போது இது தடவித் தடவி முன்னேறியிருக்கும் என்று அவர் சொன்னது எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறிய வைக்கும் விஷயம், ஏனென்றால் அது அப்படியே உண்மை. 1907இல் ராஸ் ஹாரிசன் தவளைக் கருவின் திசுத் துண்டை ஒரு சொட்டு நிணநீரில் தொங்கவிட்டு, இழை வளர்வதைக் கண்ணாலேயே பார்த்தார். அந்த நுனியின் விரல்கள் எட்டிப் பார்க்கும், தொட்டுப் பார்க்கும், பிடித்த பக்கம் இழுத்துக்கொண்டு போகும், பிடிக்காத பக்கம் சுருங்கிப் பின்வாங்கும்.

எது பிடிக்கும், எது பிடிக்காது என்பதைத் தீர்மானிப்பது வழியிலுள்ள செல்கள் வெளியிடும் புரதங்கள். அதில் ஒன்றுதான் உங்கள் வீட்டுக் கதைக்கு நேராகச் சம்பந்தப்பட்டது. 1994இல் சான் பிரான்சிஸ்கோவில் ஓர் ஆய்வுக்குழு கோழிக் கருக்களின் மூளையை ஆயிரக்கணக்கில் சேர்த்து, அரைத்து, பிரித்து, உடலின் நடுக்கோட்டை நோக்கி இழைகளை இழுக்கிற ஒரு புரதத்தைத் தனியே எடுத்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் நெட்ரின். வடமொழியில் ‘நேத்ரு’ என்றால் வழிநடத்துபவர், நேதாஜி என்ற பெயரில் இருக்கும் நேதாவும் அதே சொல்தான். அந்த நெட்ரினை உணர்கிற ஏற்பி, அதாவது இழையின் நுனியில் மூக்குபோல இருந்து வேலை செய்யும் புரதம், டிசிசி.

இது நடுக்கோட்டில் ஏன் முக்கியம்? நம் வலது கையை இயக்குவது மூளையின் இடது பாதி. இடது பாதியிலிருந்து இறங்கும் இழைகள் மூளையின் அடிப்பகுதியான முகுளத்தின் கீழ் முனையில் நடுக்கோட்டைக் கடந்து வலப்பக்கம் போய், பிறகு தண்டுவடத்தில் இறங்குகின்றன. பத்து இழைகளில் எட்டு, ஒன்பது இப்படிக் கடந்துவிடும். கடந்த இழை திரும்பி வந்துவிடாமல் இருக்க அங்கே இன்னொரு ஏற்பாடும் உண்டு. நடுக்கோட்டுச் செல்கள் ஸ்லிட் என்ற விரட்டும் புரதத்தையும் வெளியிடுகின்றன, ரோபோ என்ற குடும்பத்தைச் சேர்ந்த ஏற்பிகள் அதை உணர்ந்து ‘இங்கே நிற்காதே’ என்று இழையைத் தள்ளுகின்றன. ரோபோ இல்லாத பழ ஈக்களில் இழைகள் நடுக்கோட்டைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். மனிதர்களிலோ இதற்கு நேர்மாறாக, இந்தக் குடும்பத்தின் மூன்றாவது மரபணுவின் இரண்டு பிரதிகளும் கெட்டால் சில நரம்புப் பாதைகள் நடுக்கோட்டைக் கடக்காமலே நின்றுவிடுகின்றன, கண்ணைப் பக்கவாட்டில் திருப்ப முடியாது, முதுகெலும்பும் வளைந்துகொண்டே போகும். அதைக் கண்டுபிடித்தது 2004இல். உங்கள் மகனுக்கு இருப்பது அது இல்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சொன்னேன்.

உங்கள் மகனுக்கு டிசிசியின் இரண்டு பிரதிகளில் ஒன்றுதான் சரியாக வேலை செய்கிறது, அதனால் அந்தப் புரதம் வேண்டிய அளவில் இல்லை. ஒரு கை செய்வதை மறு கையும் கண்ணாடிப் பிம்பம்போலச் செய்வதைக் கண்ணாடி அசைவு என்பார்கள், அதற்கு இந்த மரபணு காரணம் என்பது 2010இல்தான் தெரிந்தது. கட்டளை கொண்டுபோகும் இழைகளில் ஒரு பங்கு கடக்காமல் அதே பக்கமாகவே இறங்கிவிட்டது. இப்படிப்பட்டவர்களின் தலையில் ஒரு பக்கம் மட்டும் காந்தத் துடிப்பைக் கொடுத்துப் பார்த்தால் இரண்டு கைகளின் தசையும் ஒரே நேரத்தில் துடிக்கும். ஒரு மூளைப்பாதியிலிருந்து இரண்டு கைக்கும் நேரடிப் பாதை இருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். டிசிசி கெட்ட ஒருவகை எலிகளுக்குப் பின்னங்கால்கள் மாறி மாறி நகராது, இரண்டும் சேர்ந்தே எழும்பும். தத்தித் தத்திப் போவதால் அவற்றுக்குக் கங்காரு என்கிற அர்த்தத்தில்தான் பெயர் வைத்தார்கள்.

இன்னொன்றும் உண்டு, எனக்கு மிகவும் ஆச்சரியமான விஷயம். 2017இல் எலிகளில் பார்த்தபோது, மூளையிலிருந்து இறங்கும் அந்த இழைகளில் மட்டும் டிசிசியை நீக்கினால் அவை ஒழுங்காகவே நடுக்கோட்டைக் கடந்தன. உடல் முழுக்க டிசிசி கெட்டிருந்தபோதுதான் தடுமாறின. அப்படியென்றால் இழைகள் வந்து சேர்வதற்கு முன்பே நடுக்கோட்டில் போட்டிருக்க வேண்டிய அமைப்பு மாறிப்போயிருந்தது, பின்னால் வந்தவை அங்கே குழம்பின. அதே ஆண்டில் வந்த வேறு ஆய்வுகள் இன்னொரு பழைய நம்பிக்கையையும் அசைத்தன. பூக்கடையிலிருந்து மல்லிகை மணம் வருவதுபோல நெட்ரின் தூரத்திலிருந்து பரவி இழுக்கிறது என்றுதான் நாங்கள் படித்தோம். ஆனால் இழை போகிற வழியோரத்திலேயே செல்கள் பூசிவைக்கிற நெட்ரின்தான் பெரும் வேலை செய்கிறது என்று தெரிந்தது. சரி, இந்த நுணுக்கம் உங்களுக்கு எதற்கு என்றால், ‘என் பிள்ளையின் நரம்பே கெட்ட நரம்பு’ என்று நினைக்காதீர்கள் என்பதற்காக. நடந்தவர்களிடம் கோளாறு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை, பாதை போட்ட இடத்தில் இருந்திருக்கலாம்.

இப்போது இரண்டாவது கட்டம், தெரு. ஊருக்குள் வந்துவிட்ட இழை எந்தப் பகுதியில் இறங்குவது? இதற்கு அழகான சோதனை ரோஜர் ஸ்பெர்ரி 1940களில் செய்தது. நீர்ப்பல்லி, தவளை போன்ற உயிரினங்களுக்குக் கண் நரம்பை வெட்டினால் மறுபடி வளரும். ஸ்பெர்ரி நரம்பை வெட்டியதோடு கண்ணையும் தலைகீழாகத் திருப்பி வைத்தார். நரம்பு வளர்ந்து பார்வை திரும்பிய பிறகு, மேலே பூச்சி தெரிந்தால் அந்தத் தவளை கீழே பாய்ந்தது. எத்தனை நாள் விட்டாலும், எத்தனை முறை ஏமாந்தாலும் திருந்தவில்லை. அனுபவம்தான் இணைப்பைச் சரிசெய்கிறது என்று அதுவரை அவருடைய ஆசிரியர் உட்படப் பலரும் நம்பியிருந்தார்கள். ஆனால் திருப்பி வைத்த கண்ணின் ஒவ்வொரு இழையும், பயன் இருக்கிறதோ இல்லையோ, மூளையில் தன் பழைய இடத்தையே தேடிப் போய்ச் சேர்ந்திருந்தது. இழைக்கும் இலக்குக்கும் வேதியியல் அடையாளம் இருந்தாக வேண்டும் என்று 1963இல் அவர் எழுதினார்.

அந்த அடையாளம் என்ன என்று கையில் பிடிக்க அதற்குப் பிறகும் முப்பது ஆண்டுகள் பிடித்தன. ஜெர்மனியின் டூபிங்கனில் ஃபிரீட்ரிஷ் போன்ஹோஃபரின் குழு, கோழிக் கருவின் மூளைப்பகுதிகளிலிருந்து எடுத்த செல் சவ்வுகளைக் கோடு கோடாக விரித்து, அதன்மேல் கண் இழைகளை வளரவிட்டது. விழித்திரையின் ஒரு பக்கத்து இழைகள் ஒரு கோட்டில் மட்டுமே நடந்தன, அடுத்த கோட்டைத் தொட்டால் சுருங்கின. அந்த விரட்டும் பொருள் எஃப்ரின் என்ற புரதக் குடும்பம் என்று 1995இல் தெரிந்தது. வாய்க்காலிலிருந்து தள்ளிப் போகப்போக மண்ணில் ஈரம் குறைவதுபோல, இந்தப் புரதம் மூளைப்பகுதியின் ஒரு முனையில் அதிகமாகவும் மறு முனையில் குறைவாகவும் இருக்கிறது. எவ்வளவு ஏற்பி தன்னிடம் இருக்கிறதோ அதற்குத் தகுந்த இடத்தில் இழை நின்றுவிடுகிறது. கதவு எண் எதுவும் தேவையில்லை, ஈரத்தின் அளவே விலாசம்.

மூன்றாவது கட்டம்தான் நீங்கள் கேட்டது: யாரோடு சேர்வது?

இதில் முதல் அறிதல், ‘இது நான், இது நான் இல்லை’ என்பது. ஒரு நரம்பு செல்லுக்கு எத்தனையோ கிளைகள், அவை தங்களுக்குள்ளேயே பின்னிக்கொண்டால் மற்றவரிடம் போய்ச் சேர முடியாது. பழ ஈயில் டிஸ்காம் என்ற ஒரே ஒரு மரபணு, தன் துண்டுகளை மாற்றி மாற்றிச் சேர்த்து 38,016 வகைப் புரதங்களைத் தர முடியும். ஒவ்வொரு செல்லும் அதில் ஒரு சிறு கைப்பிடியை எடுத்துத் தன் தோலில் ஒட்டிக்கொள்கிறது. இரண்டு கிளைகள் உரசும்போது கைப்பிடி ஒரே மாதிரி இருந்தால் ‘இது நானே’ என்று விலகிக்கொள்கின்றன. நமக்கு இந்த வேலையை வேறொரு புரதக் குடும்பம் செய்கிறது.

பிறகு துணையை அறிதல். பழ ஈயின் மூக்கு நரம்புகளில் ஐம்பது வகை இருக்கின்றன, மூளையில் அவற்றை வரவேற்கும் செல்களும் அவ்வாறே. ஏறக்குறைய இருட்டறையில் ஐம்பது ஜோடி தங்கள் துணையைத் தேடுவதுபோல. ஸ்டான்ஃபோர்டில் லிக்குன் லுவோவின் குழு 2012இல் காட்டியது என்னவென்றால், சில ஜோடிகளில் இரண்டு பக்கமும் டெனியூரின் என்ற புரதத்தின் ஒரே வகையை அதிக அளவில் வைத்திருக்கின்றன, ஒன்றையொன்று தொட்டதும் பிடித்துக்கொள்கின்றன. ஒரு பக்கம் அந்த அளவை மாற்றினால் ஜோடி மாறிப்போகிறது.

பிடித்துக்கொண்ட பிறகு அங்கே சினாப்ஸ், அதாவது ஒரு நரம்பு செல் அடுத்ததற்குச் செய்தி கொடுக்கும் இணைப்பு, கட்டப்பட வேண்டும். சினாப்ஸ் என்பது ஒட்டிப்போன இடம் இல்லை, இரண்டு செல்லுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாயிரமாகப் பிரித்தால் வருகிற அளவுக்கு ஒரு இடைவெளி இருக்கும். இந்தக் கரையில் ரசாயனம் நிரம்பிய பைகள், அந்தக் கரையில் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள், இரண்டும் நேருக்கு நேர் அமைய வேண்டும். இதில் நியூரெக்சின், நியூரோலிஜின் என்று இரண்டு புரதங்கள் கரைக்குக் கரை கைகோத்துக்கொள்கின்றன. 2000இல் வந்த ஒரு சோதனையைச் சொன்னால் உங்களுக்கு இதன் பலம் புரியும். நரம்புக்குச் சம்பந்தமே இல்லாத சிறுநீரகச் செல்களில் நியூரோலிஜினை வெளிப்படச் செய்து, அவற்றைப் பாத்திரத்தில் நரம்பு செல்களோடு வளர்த்தார்கள். வந்து தொட்ட நரம்பு இழை, தொட்ட இடத்தில் பைகளைக் கொண்டுவந்து குவித்து, தன் பக்கத்துச் சினாப்ஸைக் கட்டிவிட்டது. எதிரே இருப்பது சிறுநீரகச் செல்! சரியான கை நீட்டப்பட்டால் நரம்பு தயங்குவதில்லை.

இனி உங்கள் மகனுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். கடக்காமல் அதே பக்கம் இறங்கிய இழைகள் தண்டுவடத்தில் கழுத்து மட்டத்துக்கு வந்தன. அங்கே இடது கை விரல்களை இயக்கும் செல்கள் இருந்தன. அவை வலது பக்கத்தில் இருக்கும் செல்களின் அச்சு அசல் இணைகள், அதே அடையாளங்கள். வந்த இழை கைகோத்தது, சினாப்ஸ் கட்டியது, அது இன்றுவரை நன்றாக வேலை செய்கிறது. அதனால்தான் வலது கட்டைவிரல் மடங்கினால் இடது கட்டைவிரல் மடங்குகிறது, சுண்டுவிரலோ தோளோ அசைவதில்லை. விரலுக்கு விரல் பொருந்துகிற அந்தத் துல்லியத்தைக் கவனித்திருக்கிறீர்களா? ஆளை அடையாளம் காணும் வேலையும் சினாப்ஸ் கட்டும் வேலையும் உங்கள் மகனுக்குச் சரியாக நடந்திருக்கிறது என்பதற்கு அவன் இடது கையே சாட்சி. மற்ற நரம்புகளும் தப்பாகச் சேர்ந்திருக்குமா என்ற கேள்விக்கு இதுதான் என் பதில். ஸ்கேன் நன்றாக இருக்கிறது, இடது மூளையையும் வலது மூளையையும் இணைக்கும் பாலமும் சரியாக இருக்கிறது, இப்படிப்பட்ட பிள்ளைகளின் அறிவுத்திறன் பெரும்பாலும் மற்றவர்களைப்போலத்தான் இருக்கும்.

வளர்ந்தால் சரியாகிவிடும் என்று சொன்னவர்களும் பொய் சொல்லவில்லை. எல்லாக் குழந்தைக்கும் பிறக்கும்போது அதே பக்கம் இறங்கும் இழைகள் கொஞ்சம் வேலை செய்கின்றன, முதல் இரண்டு ஆண்டுகளில் அவை பின்வாங்கிவிடும். லேசான கண்ணாடி அசைவு ஆறேழு வயதுவரை சாதாரணம். இது நான்காவது கட்டம். கரு தேவைக்கு மேல் இணைப்புகளைக் கட்டிவிட்டுப் பிறகு களையெடுக்கிறது. பிறந்த நேரத்தில் ஒவ்வொரு தசை இழைக்கும் பல நரம்புகள் வந்து ஒட்டியிருக்கும், பிறகு ஒன்றே ஒன்று மிஞ்சும். மூளையின் முன்பகுதியில் சினாப்ஸ்கள் ஒன்று, இரண்டு வயதில்தான் உச்சத்தில் இருக்கின்றன, பதினாறு வயதுவாக்கில் பெரியவர்களின் அளவுக்கு இறங்குகின்றன. யார் தங்குவது, யார் போவது என்பதைப் பயன்பாடு தீர்மானிக்கிறது. பூனைக்குட்டியின் ஒரு கண்ணை முதல் சில மாதங்கள் மூடிவைத்தால், திறந்த பிறகும் மூளை அந்தக் கண்ணுக்கு இடம் தராது என்று ஹியூபல், வீசல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். 1981இல் மருத்துவ நோபலை அவர்கள் இருவரும் அதே ஸ்பெர்ரியோடு பகிர்ந்துகொண்டார்கள். இதில் நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது 2000இல் வந்த எலி ஆய்வு. ரசாயனப் பைகளைத் திறக்கவே முடியாதபடி ஒரு புரதம் நீக்கப்பட்ட எலிகளில், ஒரு நரம்புகூட இன்னொன்றோடு பேசாமலே மூளை முழுதாகக் கட்டப்பட்டது, சினாப்ஸ்கள்கூட அமைந்தன. ஆனால் அதற்குப் பிறகு அந்தச் செல்கள் அழிந்துபோயின. சேர்வதற்குப் பேச்சு தேவையில்லை, நிலைப்பதற்குத் தேவை.

உங்கள் மகனிடம் அதே பக்க இழைகள் ஏன் களையெடுக்கப்படவில்லை என்றால், அவை பலவீனமான உதிரி இழைகள் இல்லை. நிறைய இருக்கின்றன, அன்றாடம் வேலை செய்கின்றன, போட்டியில் தோற்கவில்லை. இது வயதோடு பெரிதாக மாறுவதில்லை, மோசமாகவும் ஆவதில்லை. இதை ஒளிக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் ‘ஆறே மாதத்தில் சரிசெய்கிறோம்’, ‘ஸ்டெம் செல் ஊசி போட்டால் நரம்பு மாறும்’ என்று யாராவது உங்களிடம் வருவார்கள். கொடுக்காதீர்கள், ஒரு ரூபாய்கூட. கருவின் முதல் பாதியிலேயே நடந்து முடிந்த கடப்பு அது, அப்போது வழிகாட்டிய அமைப்பு இப்போது அங்கே இல்லை. புதிதாகப் போடும் செல் யாரைக் கேட்டு எந்தப் பக்கம் போகும்?

செய்யக்கூடியவை இருக்கின்றன. குழந்தைகளுக்கான தொழில்வழிச் சிகிச்சையாளர் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) ஒருவரிடம் கூட்டிப்போங்கள். எழுதும்போது இடது உள்ளங்கையை மேசைமேல் விரித்து அழுத்தி வைப்பது, அல்லது கையில் ஒரு மென்பந்தைக் கொடுப்பது பல பிள்ளைகளுக்கு உதவுகிறது. இது கட்டிவைப்பது இல்லை, அவனே தேர்ந்தெடுப்பது. நீண்ட நேரம் எழுதினால் இரண்டு முன்கையும் வலிக்கும், அது சாக்கு இல்லை, இரண்டு கையும் உழைக்கின்றன. பள்ளிக்கு உங்கள் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்து, தேர்வில் கூடுதல் நேரமும் எழுத்து வேலையில் இடைவேளையும் கேளுங்கள். சைக்கிள், ஏணி, கத்தி இவற்றில் மட்டும் ஒரு கை செய்வதை மறு கையும் செய்யும் என்பதை நினைவில் வைத்துச் சொல்லிக்கொடுங்கள். கையில் புதிதாகப் பலவீனம் வந்தாலோ, அசைவு திடீரென்று கூடினாலோ, முதுகு வளைவதுபோல் தெரிந்தாலோ தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

இன்னொரு பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் மரபியல் ஆலோசகரைப் பார்ப்பது நல்லது. இந்த மாற்றம் அப்பாவிடமிருந்தோ உங்களிடமிருந்தோ வந்திருக்கலாம். மாற்றம் இருக்கிற எல்லோருக்கும் அசைவு வருவதில்லை, அதனால் பெற்றவர் ஒருவர் அறிகுறியே இல்லாமல் வைத்திருக்கலாம், அப்படியானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போக இரண்டில் ஒரு வாய்ப்பு. யாரிடமிருந்து வந்தது என்று தெரிந்தால் வீட்டில் புதுச் சண்டை கிளம்பும் என்று நினைத்தால், அந்தப் பரிசோதனையைத் தேவை வரும்வரை தள்ளிப்போடலாம், அவசரம் இல்லை.

அவனுக்குப் பத்து வயது ஆகப்போகிறது, கேட்டால் நேராகச் சொல்லுங்கள். சென்னை ஐஐடியின் மூளை ஆய்வு மையம் கருவில் இருந்த சிசுக்களின் மூளைகளை 5,132 சீவல்களாக வெட்டிப் படமெடுத்து, செல் செல்லாகப் பார்க்கும்படி 2024 டிசம்பரில் எல்லோருக்கும் திறந்துவிட்டது, தரணி என்று பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து அதைப் பாருங்கள், முகுளம் எங்கே என்று தேடச் சொல்லுங்கள், அங்கேதான் உன் இழைகள் கொஞ்சம் நேராகப் போய்விட்டன என்று காட்டுங்கள்.

மிருதங்கம் அவனுக்குக் கஷ்டம். வலந்தலையில் ஒரு சொல்லும் தொப்பியில் வேறொன்றும் ஒரே நேரத்தில் வர வேண்டும், அவன் நரம்புகள் இடையறாது எதிர்த்து நிற்கிற இடம் அதுவேதான். ஆசைப்படுகிறவனிடம் ‘முடியாது’ என்று வாசலிலேயே சொல்லச் சொல்லவில்லை. குருவிடம் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லி ஒரு மாதம் உட்கார வையுங்கள், முதல் பாடங்களை எப்படி எடுத்துக்கொள்கிறான் என்று பாருங்கள். திணறினால் கஞ்சிராவைக் கையில் கொடுத்துப் பார்க்கலாம், ஒரு கை பிடித்திருக்க மறு கை மட்டும் தட்டுகிற வாத்தியம். பிடித்திருக்கும் கை கொஞ்சம் இறுகித் தளரும், அதை அவனும் குருவும் சேர்ந்து பழக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். தாளச் சொற்களை வாயாலேயே சொல்கிற கொன்னக்கோலுக்குக் கையே வேண்டாம், தாளம் போட மட்டும் ஒரு கை. தாளத்தை இரண்டு கையாலும் போட்டால்கூட யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை.